டிவிடெண்ட் இல்லாத வருடம்

படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்ட நான் ஒரு வங்கிக்கு இயக்குநர் ஆனேன். அதற்குக் காரணம் என் திறமை இல்லை. நான் பேசமாட்டேன் என்பதுதான் காரணம்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களும் பட்டு வியாபாரிகளும் பங்கு போட்டு நடத்துகிற சின்னக் கூட்டுறவு வங்கி அது. அதன் நிர்வாகக் குழுவுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவர் போகவேண்டும். தெருவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி நிறுத்திய ஆளை இன்னொரு கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு முற்றி, வேட்டியை மடித்துக் கட்டுகிற நிலைக்கு வந்தபோது யாரோ ஒருவர், "சாயக்காரரப் போட்டுடலாம்பா. அவரு வாயத் தொறந்தாத்தான வம்பு வரும்" என்றார். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். நானும் அங்கேதான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. தெருவில் இரண்டு கட்சிக்காரர்களின் நூலும் என்னிடம்தான் வரும். யார் வீட்டுத் தறியில் என்ன நிறம் ஏறப்போகிறது என்பது எனக்கு முன்னமே தெரியும். ஒருவர் நிறத்தை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையும் அவர்கள் சிரிப்புக்குள் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

குழுக் கூட்டங்களில் என் வேலை ஒரே ஒரு சொல். தலைவர் தீர்மானத்தைப் படிப்பார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் முன்மொழிவார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் "வழிமொழிகிறேன்" என்பேன். அப்புறம் போண்டாவும் காபியும் வரும். வருடாந்திரப் பொதுக்கூட்டத்திலும் அப்படியே. கல்யாண மண்டபம் நிறைய உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உள்ளங்கை நனைந்துவிடும். ஆனால் அங்கே யாரும் என்னைக் கவனிப்பதில்லை. டிவிடெண்ட் எத்தனை சதவீதம், இந்த வருடம் கொடுக்கிற எவர்சில்வர் பாத்திரம் போன வருடத்தைவிடப் பெரியதா என்பதில்தான் எல்லோருக்கும் கண்.

என் பெண்ணின் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் நான் அந்த வங்கியில்தான் வைப்பு வைத்திருந்தேன். முன்பு அது வேறொரு பெரிய வங்கியில் இருந்தது. எங்கள் வங்கியில் வட்டி கொஞ்சம் கூடுதல் என்பதால் இங்கே மாற்றினேன். மற்ற இடத்தைவிட வட்டி அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்றால் வங்கி நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

தங்கமும் வெள்ளியும் விலை ஏறத் தொடங்கியபோது ஜரிகை விலையும் ஏறியது. ஜரிகை ஏறினால் சேலை விலை ஏறும். விலை ஏறிய சேலையைப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வரும் கல்யாண வீட்டார், பெண்ணுக்கு மட்டும் பட்டு, மற்றவர்களுக்கு வேறு ஏதாவது என்று முடிவு செய்துகொண்டு போனார்கள். கடைகளில் சரக்கு தேங்கியது. என் பட்டறையிலும் உலை தினமும் எரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெரிய மொத்த வியாபாரி ஒருவர், குடும்பத்தோடு திருப்பதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. கடையின் ஷட்டர் இறங்கியபடியே இருந்தது. எங்கள் வங்கியில் அவருக்குப் பெரிய கடன்.

சில வாரங்களில் வங்கிக் கணக்குகளை ஆய்வு செய்ய மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். குழுவில் எல்லோரையும் உட்காரவைத்துத் தலைவரிடம் கேட்டார்.

"கடையை மூடிட்டுப் போனவருக்கு ஜாமீன் யாரு சார்?"

"எதிர்க் கடைக்காரரு சார். தங்கமான மனுஷன்."

"அந்தத் தங்கமானவர் வாங்கியிருக்கிற கடனுக்கு யாரு ஜாமீன்?"

"அவருக்கு அவரோட சம்பந்தி போட்டிருக்காரு."

"சம்பந்தி கடனுக்கு?"

தலைவர் கடன் பதிவேட்டைப் புரட்டினார். "அது... மூடிட்டுப் போனவருதான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர் அடுத்த கடனுக்குப் போனார். அதற்கடுத்த கடனுக்குப் போனார். எங்கே தொடங்கினாலும் அதே பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான் சுற்றிச் சுற்றி வந்து நின்றது.

எங்கள் தெருக்களில் ஜாமீன் கையெழுத்து என்பது உறவு சம்பந்தப்பட்டது. ஒருவர் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து, கையெழுத்தும் போட்டு அனுப்புவதுதான் வழக்கம். மறுத்தால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. இதை நாங்கள் ஒற்றுமை என்று நினைத்தோம். வங்கியும் ஒவ்வொரு கடனுக்கும் வாங்கியவர், ஜாமீன்காரர் என்று இரண்டு பேர் பொறுப்பு இருக்கிறார்கள் என்று தைரியமாக இருந்தது. ஒருவர் விழுந்தால் தாங்கிக்கொள்ள வேண்டிய ஆட்களும் அவரோடு சேர்ந்தே விழுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் விற்பது ஒரே பட்டு. எல்லோருக்கும் ஏறியது ஒரே ஜரிகை விலை.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு நான் மேலாளரின் அறை வாசலில் நின்றேன். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற அம்மா அவர். முந்தைய வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார்.

"வாங்க சார். ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்க."

"நம்ம பேங்க்கு நிக்குமா?"

அவர் உட்காரச் சொன்னார். கடன் கொடுத்த பணம் திரும்பி வராவிட்டால் முதலில் அடிபடுவது டெபாசிட் போட்டவர்கள் பணம் இல்லை, வங்கியின் சொந்தப் பணம்தான் என்றார். உறுப்பினர்கள் போட்ட பங்கு, வருடா வருடம் லாபத்தில் எடுத்துவைத்த காப்பு நிதி, இவை இரண்டும்தான் வங்கியின் மூலதனம். அது தடிமனாக இருந்தால் நஷ்டம் அதோடு நின்றுவிடும். மெலிந்து போயிருந்தால் நஷ்டம் டெபாசிட்டைத் தொட்டுவிடும்.

"இப்ப எப்படி இருக்குது மேடம்?"

"மெலிஞ்சுதான் இருக்குது. வருஷா வருஷம் லாபத்துல பெரிய பங்க டிவிடெண்டா குடுத்துட்டோம். வராத கடனுக்கு ஒதுக்கவேண்டியத சரியா ஒதுக்கல. ஒதுக்காம விட்டா லாபம் பெருசாத்தான் தெரியும் சார். பேப்பர்ல."

"வட்டி கூட நாமதான் அதிகமா குடுக்கறோம்..."

"அது பலம்னு நினைச்சீங்களா? கையில பிடிமானம் இருக்கிற பேங்க் கம்மி வட்டிக்கே டெபாசிட் வாங்கும். ஜனங்க நம்பி வருவாங்க. பயத்துல இருக்கிற பேங்க்தான் கூடுதல் வட்டி காட்டிக் கூப்பிடணும். அந்தக் கூடுதல் வட்டியே மறுபடி லாபத்தத் தின்னுடும்."

என் பெண்ணின் பணத்தை எதற்காக இங்கே மாற்றினேன் என்பது நினைவுக்கு வந்தது.

இந்த வருடம் டிவிடெண்ட் கிடையாது, பாத்திரமும் கிடையாது, வந்த லாபம் முழுவதும் காப்பு நிதிக்கே போகவேண்டும் என்றார் அவர். பொதுக்கூட்டம் அதற்கு ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டால் மேலிடத்தில் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். அப்புறம் யாரும் நினைத்தபோது தங்கள் பணத்தை எடுக்கமுடியாது. ஓரளவு தொகை வரை காப்பீடு உண்டு. ஆனால் அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

"சார், இது வெளிய போகக்கூடாது" என்றார். "நான் சொல்லவே வேணாம், உங்களுக்குத் தெரியும்."

அந்த நம்பிக்கையை அன்று யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம்தான் என் வைப்புத் தொகையின் தவணை முடிகிறது. எடுக்கலாம், அது என் பணம். ஆனால் ஒரு இயக்குநர் தன் பணத்தை எடுத்தான் என்பது மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் காலை வங்கி திறக்குமுன்பே வரிசை நிற்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்கமுடியாது. எடுக்காமல் விட்டால், வங்கிக்கு ஏதாவது ஆனால், என் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். வரன் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். தன் சம்பளத்திலும் பாதியை அந்தக் கணக்குக்கே கொடுத்திருந்தாள்.

மனைவியிடம் மறைக்க முயன்றேன். முடியவில்லை. மாம்பழ மஞ்சள் கேட்டவருக்கு எலுமிச்சை மஞ்சளில் நூலை முக்கி எடுத்துவிட்டேன். அவள் வந்து உலைப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா ஆச்சுங்க உங்களுக்கு? நாலு நாளா சோறு கூட எறங்கல."

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"போயி எடுத்துக்கினு வாங்க."

"தெருவுல தெரிஞ்சா எல்லாரும் ஓடுவாங்க."

"ஓடட்டும். நாம மொதல்ல ஓடலாம். மத்தவங்க பொண்ணுக்கு நானா பதில் சொல்லப்போறேன்?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. மறுநாள் காலை ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எடுக்கத்தான் போனேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; பிற்பாடு பலர் வேறு மாதிரி பேசினார்கள்.

கவுண்ட்டரில் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நகைக்கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தெருக்காரர்கள் நின்றார்கள். என் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல உரத்த குரலில், "சார், க்ளோஸ் பண்றீங்களா, ரினியூவலா?" என்று கேட்டாள்.

பின்னால் பேச்சு நின்றது. நின்றதாக எனக்குத் தோன்றியதோ என்னவோ. எடுக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. "ரினியூவல்" என்றேன்.

"எத்தனை மாசத்துக்கு சார்?"

"கொஞ்ச... ஆறு மாசத்துக்கு."

தியாகம் செய்யவேண்டும், வங்கியைக் காப்பாற்றவேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கூச்சம், அவ்வளவுதான். புது ரசீதோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. பெண் மட்டும், "உடுங்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்றாள். அவளுக்கு நான் முழுவதையும் சொல்லியிருக்கவில்லை.

பொதுக்கூட்டத்தன்று மண்டபத்தில் மின்விசிறிகள் எல்லாம் ஓடியும் புழுக்கம் தாங்கவில்லை. வாசலில் பாத்திரம் அடுக்கி வைக்கிற மேஜை காலியாகக் கிடந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் அந்த மேஜையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். மிக்சர் பொட்டலமும் காபியும் மட்டும் கொடுத்தார்கள்.

தலைவர் தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள்ளேயே என் மச்சான் எழுந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். கூட்டம் என்றால் முன் வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் குரல் கொடுப்பவர். எனக்கு நேர் எதிர்.

"ஒரே ஒரு கேள்வி. லாபம் வந்துச்சா, வரலியா?"

மேலாளர் மைக்கை வாங்கினார். "வந்திருக்கு சார்."

"வந்திருக்குதுன்னா எங்க?"

"காப்பு நிதிக்கு எடுத்து வைக்கிறோம்."

"காப்பு நிதின்னா இன்னாம்மா? அது யாரு வூட்டு பீரோல கீது?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோபம் கலந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஓடிப்போனவன் வூட்டு பீரோல!" என்று கத்தினார். இன்னொருவர், "ஒரு டிபன் பாக்ஸ் குடுக்கக்கூட வக்கில்லாத பேங்க்ல நம்ம பணம் எப்படிப்பா இருக்கும்?" என்றார். இந்தக் கேள்வி வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக் காலை வரிசை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைத்தேன். அந்த வரிசையில் என் பெண்ணின் பணமும் இருந்தது, கடைசியில்.

தலைவர் அவசரமாக, "முன்மொழிதல் ஆச்சு. வழிமொழிதல்..." என்று என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். "வழிமொழிகிறேன்."

"மாப்ள!" மச்சான் திரும்பினார். "வருஷம் பூரா இந்த ஒரு வார்த்தைய வெச்சே குடித்தனம் பண்ணிட்ட. இன்னிக்கு இன்னொண்ணு சொல்லு. டைரக்டருங்க எல்லாம் அவங்கவங்க பணத்த எடுத்துட்டீங்களா இல்லியா? உன் பணம் எங்க இருக்குது?"

நான் பொய் சொல்லப் பழகியவன் இல்லை. அதற்கும் நிறையப் பேசவேண்டும்.

"இங்கதான் இருக்குது மச்சான்."

"எந்தப் பணம்?"

"பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சது. பூராவும். போன வாரம் மறுபடி போட்டேன்."

அது யாருடைய பணம் என்பதை அவர் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. அவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். கல்யாணத்தில் மணமேடையில் நிற்கவேண்டியவர். டிவிடெண்டையும் பாத்திரத்தையும் மறந்துவிட்டு, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடைக்கு அருகே வந்துவிட்டார்.

"என் தங்கச்சி பொண்ணு பணத்தையா இதுல வெச்சிருக்க? உனக்கு அறிவு கீதா? அது போச்சுன்னா இன்னாய்யா பண்ணுவ?"

"போவக்கூடாதுன்னுதான் மச்சான், டிவிடெண்ட் வேணாம்ன்றோம்."

யோசித்துச் சொன்னதல்ல. அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை. மச்சான் என்னையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இதுவரை எதிர்த்துப் பேசியவர் தான் அல்ல என்பதுபோல, "கேட்டுக்கினீங்க இல்ல? கைய தூக்குங்கப்பா! என் தங்கச்சி பொண்ணு பணம் இருக்குது இங்க!" என்றார்.

கைகள் உயர்ந்தன. எல்லாம் இல்லை. போதுமான அளவுக்கு.

அதற்கப்புறமும் எனக்குத் தூக்கம் வரவில்லை. டீக்கடையில், "உன் பணம் இன்னும் அங்கதான இருக்குது?" என்று கேட்காதவர் இல்லை. ஆமாம் என்றதும் நிம்மதியாக டீயைக் குடிப்பார்கள். என் டீ ஆறிப்போகும். மச்சானோ என்னைவிட மோசமானார். தவணை கட்டாமல் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் காலையில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, கொஞ்சமாச்சும் கட்டிடுங்க. பொண்ணு கல்யாணம் இருக்குது" என்பார். எந்தப் பெண், யார் கடன் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தொல்லை தாங்காமல் சிலர் கட்டினார்கள். ஜாமீன் விதியையும் மாற்றினோம். ஏற்கெனவே நம்மிடம் கடன் வாங்கியவர் இன்னொருவருக்கு ஜாமீன் நிற்கக்கூடாது. அதனால் கடன் வாங்குபவர்கள் குறைந்தார்கள், வட்டி வருமானமும் குறைந்தது. அடுத்த மூன்று மாதக் கணக்கைப் பார்த்துத் தலைவர் முகம் சுளித்தார். மேலாளர், "இது நிஜமான லாபம் சார். சின்னதா இருந்தாலும்" என்றார்.

பெண்ணுக்கு வரன் அமைந்தது. ஓரிக்கை பக்கத்துப் பையன். தேதி குறித்தார்கள். வைப்புத் தொகையின் ஆறு மாதத் தவணையும் அதற்கு முன்பே முடிந்தது. இப்போது எடுத்துத்தான் ஆகவேண்டும், மண்டபத்துக்குக் கொடுக்கவேண்டும். அப்போதும் எனக்கு நேராகப் போய் எடுக்க தைரியம் வரவில்லை. முதலில் பத்திரிகை அடித்தோம். வழக்கமாக நெருங்கிய உறவுக்கு முதலில் கொடுத்துவிட்டு ஊருக்குப் பிற்பாடுதான் கொடுப்போம். நான் முதல் நாளே தெரு முழுக்க, வீடு வீடாக, இரண்டு கட்சிக்காரர்களுக்கும் கொடுத்து முடித்தேன். "ஏங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடறீங்களா, இல்ல பணம் எடுக்க பர்மிஷன் கேக்கறீங்களா?" என்று மனைவி சிரித்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். கவுண்ட்டர் பெண் வழக்கம்போல உரத்த குரலில், "க்ளோஸ் பண்றீங்களா சார்?" என்றாள்.

"ஆமாம்மா. கல்யாணம்" என்றேன். தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல. காசாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கிளம்ப வேண்டியதுதான். எனக்குப் பின்னால் நெசவாளர் ஒருவர், வயதானவர், கையில் ஒரு சீட்டோடு நின்றார். பணம் எடுக்கிற சீட்டு. என் உள்ளங்கை மறுபடி நனைந்தது. நான் எடுத்ததைப் பார்த்துத்தான் எடுக்கிறாரா? பத்திரிகை அவருக்குக் கொடுத்தேனா? ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஓரமாக, காலண்டரைப் பார்ப்பதுபோல நின்றேன். அவர் சீட்டை நீட்டினார். காசாளர் எண்ணிக் கொடுத்தார். பெரியவர் எச்சில் தொட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு ஜரிகைக்காரன் வர்றான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. நானும் வெளியே வந்தேன்.